நரிக்குட்டிக்கு எர்லிக்கியா 'பாசிட்டிவ்': அடுத்து என்ன?

கேள்வி சுருக்கமாக இதுதான். காட்டுவிலங்கு மீட்பு மையம் ஒன்றுக்கு உடம்பெல்லாம் உண்ணியோடு ஒரு நரிக்குட்டி வந்திருக்கிறது. நாய்களுக்கென்று விற்கும் விரைவுச் சோதனை அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்த்ததில், உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியாவுக்குக் கோடு விழுந்திருக்கிறது. குட்டிக்கு நோய் இருக்கிறதா, மருந்து கொடுக்க வேண்டுமா, பக்கத்துக் கூண்டில் இருப்பவற்றுக்கும் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பரவுமா, காட்டில் இருக்கும் நரி, ஓநாய், சிங்கம் எல்லாம் இதனால் சாகின்றனவா?

அந்தக் கோட்டை மட்டும் வைத்து மருந்து கொடுக்காதீர்கள். உண்ணியை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பம். 'உண்ணிக்காய்ச்சல்' என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது உண்மையில் உண்ணி இல்லை, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேனின் குஞ்சு. நாம் பேசுவது நாயின் காதுமடலில் பட்டாணி மாதிரி உப்பிக் கிடக்குமே, அந்த உண்ணி. அது பூச்சி கூடக் கிடையாது. சிலந்திக்குச் சொந்தம், எட்டுக் கால். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு மட்டும் ஆறு கால். தமிழ் இதில் ஒரு வேடிக்கையும் செய்து வைத்திருக்கிறது. இன்னொரு விலங்கைத் தின்பதும் உண்ணி, அதன் மேல் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பதும் உண்ணி. ஊனுண்ணியின் உடம்பில் உண்ணி.

உண்ணி கொண்டுவருவதெல்லாம் பாக்டீரியா அல்ல. பபீசியா, ஹெபட்டோசூன் போன்றவை ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள். அவற்றுக்கு மருத்துவம் வேறு. பாக்டீரியா வரிசையில் முக்கியமானவை எர்லிக்கியா, அனப்ளாஸ்மா, ரிக்கெட்சியா, லைம் நோயைத் தரும் பொரீலியா, துலரேமியாவைத் தரும் ஃப்ரான்சிசெல்லா. பார்டோனெல்லாவையும் இதே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள், ஆனால் அதைப் பரப்புவதில் தெள்ளுப்பூச்சிக்குத்தான் பெரிய பங்கு.

எர்லிக்கியா கேனிஸை முதலில் பார்த்தது 1935ல், அல்ஜீரியாவில். உண்ணி மொய்த்த ஆய்வுக்கூட நாய்களின் ரத்தத்தில் டொனாசியன், லெஸ்டொகார் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். அது குடியேறுவது மோனோசைட் என்ற வெள்ளையணுவுக்குள். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, சாயமேற்றி, எண்ணெய் லென்ஸில் வைத்துத் தேடினால், வெளிர்நீல அணுவுக்குள் கருஊதா நிறத்தில் ஒரு சின்னக் கொத்து தெரியும். முசுக்கட்டைப் பழத்தை நசுக்காமல் உள்ளே வைத்த மாதிரி இருக்கும். மொருலா என்ற பெயரும் அந்தப் பழத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான். ஒரு மணி நேரம் தேடி ஒன்றுகூடக் கிடைக்காமல் எழுந்த நாட்கள்தான் எனக்கு அதிகம். தகட்டில் காணோம் என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை.

அனப்ளாஸ்மா ஃபாகோசைட்டோஃபிலம் இன்னும் துணிச்சலானது. கிருமிகளை விழுங்கிக் கொல்வதற்கென்றே இருக்கும் நியூட்ரோஃபில் அணுவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. திருடன் காவல் நிலையத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற கதை. இந்தக் குடும்பத்துக் கிருமிகளுக்கு, மற்ற பல பாக்டீரியாக்களின் சுவரில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு கிடையாது. உடம்பின் எச்சரிக்கை மணியை வழக்கமாக அடிப்பது அந்தப் பொருள்தான். அது இல்லாததால் மணி உடனே அடிப்பதில்லை. 2010ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியமானது. இந்தக் கிருமி தொற்றிய உண்ணி, உறைபனியைத் தாங்க உதவும் ஒரு புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது, குளிரில் சாகாமல் பிழைக்கிறது. குடியிருக்கிற வீட்டுக்கு வாடகைக்குப் பதிலாகக் கம்பளி வாங்கித் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாய்க்கு எர்லிக்கியா வந்தால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரியும். முதல் சில வாரங்கள் காய்ச்சல், சோர்வு, நிணநீர்க்கணு வீக்கம், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு. அப்புறம் மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில், வெளியே எதுவும் தெரியாது. சில நாய்களில் அது மூன்றாம் கட்டத்துக்குப் போய் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகும். 1960களின் பிற்பகுதியில் வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்கள் நூற்றுக்கணக்கில் இதற்குப் பலியானபோதுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. பெரும்பாலானவை ஜெர்மன் ஷெப்பர்டுகள். இந்த இனத்தில் நோய் கடுமையாகப் போகும் என்பது பிறகு உறுதியானது.

நாய்க்கு இப்படி என்றால் நரிக்கும் ஓநாய்க்கும் இப்படித்தானே என்று நினைப்பது இயல்பு. 1960களில் வட அமெரிக்காவின் சிறு ஓநாய் போன்ற கொயோட்டிக்கும், 1973ல் செந்நரிக்கும் சாம்பல் நரிக்கும், 1979ல் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கக் காட்டுநாய்க்கும் கருமுதுகுக் குள்ளநரிக்கும் வேண்டுமென்றே தொற்றவைத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கிருமி ஒட்டிக்கொண்டது. ஆனால் நாய்களில் காணும் கொடிய மூன்றாம் கட்டம் காட்டில் வாழும் நாய்க்குடும்ப விலங்குகளில் அபூர்வமாகத்தான் பதிவாகியிருக்கிறது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கும், பிசிஆர் சோதனையில் கிருமியின் டிஎன்ஏ கூடக் கிடைக்கும். விலங்கு பாட்டுக்கு வேட்டையாடிக்கொண்டு, குட்டி போட்டுக்கொண்டு இருக்கும்.

இதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நாம் ரத்தம் எடுப்பது பிழைத்திருப்பவற்றிடமிருந்து. காய்ச்சலில் சுருண்டு வளைக்குள் செத்துப்போன நரியை யார் போய் எண்ணினார்கள்? சுட்டுக் கொல்லப்பட்டதும் சாலையில் அடிபட்டதும் நம் மேஜைக்கு வருகின்றன. நோயில் செத்தது வருவதில்லை. அதனால் "காட்டு விலங்குகளுக்கு இது ஒன்றும் செய்யாது" என்று அடித்துப் பேசுபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. பெரிய அளவில் கொன்றதற்குச் சான்று இல்லை என்பது வரை சரி. அதற்கு மேல் போனால் ஊகம்.

அடுத்து பரவும் விஷயம். பல கட்டுரைகள் தடுமாறுவது இங்கேதான். நரியிடம் கிருமி கிடைத்தது என்றவுடன் "நரி இந்த நோயின் கிடங்கு" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு விலங்கைக் கிடங்கு என்று சொல்ல வேண்டுமானால், அதற்குத் தொற்ற வேண்டும், கிருமி ரத்தத்தில் கொஞ்ச நாளாவது தங்க வேண்டும், அதைவிட முக்கியமாக, அதைக் கடிக்கும் சுத்தமான உண்ணிக்கு அங்கிருந்து கிருமி போக வேண்டும். மூன்றாவதுதான் கணக்கு. அதற்கு உண்ணியின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

காட்டில் நாம் பார்க்கும் உண்ணிகளில் பெரும்பாலானவை வாழ்நாளில் மூன்றே முறை சாப்பிடுபவை. குஞ்சாக ஒருமுறை, நிம்ஃப் என்ற இடைப்பருவத்தில் ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நடுவில் கீழே விழுந்து, தோலுரித்து, அடுத்த பந்தியை எதிர்பார்த்துக் கிடக்கும். ஐக்சோடிஸ் இனத்துப் பொதுவான உண்ணிகளில் குஞ்சு ஏறுவது பெரும்பாலும் எலி, சுண்டெலி, தரையில் மேயும் பறவை மேல். நரி, ஓநாய், கரடி மேல் அதிகம் ஏறுவது வளர்ந்த பெண் உண்ணி. அவள் வயிறு முட்டக் குடித்து, தன் எடையைப்போல நூறு மடங்கு வரை ஊதி, கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போவாள்.

அவள் நரியிடமிருந்து அனப்ளாஸ்மாவை வாங்கிக்கொண்டாள் என்றே வையுங்கள். எர்லிக்கியாவும் அனப்ளாஸ்மாவும் பொதுவாக முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போவதில்லை. பொரீலியாவும் மிக அரிதாகத்தான். ஆக, அவளோடு கிருமியும் செத்தது. நரி அந்தப் பாதையில் ஒரு முட்டுச்சந்து. ரிக்கெட்சியா மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அது முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கே போகக் கூடியது. ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று 1906ல் காட்டிய ஹோவர்ட் ரிக்கெட்ஸ், தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்குப் போவதையும் கண்டார். 1910ல் மெக்சிகோவில் டைஃபஸை ஆராயப் போய் அதே நோயில் இறந்தார். கிருமிக்கு அவர் பெயர்தான் நிலைத்திருக்கிறது.

இப்போது உங்கள் அட்டையில் கோடு போட்ட எர்லிக்கியா கேனிஸுக்கு வருவோம். அதைச் சுமப்பது பழுப்பு நாய் உண்ணி. இதன் குணம் வேறு. குஞ்சு, நிம்ஃப், வளர்ந்தது மூன்றுமே நாயைத்தான் விரும்பும். அதனால் முட்டை வழியாகப் போகாவிட்டாலும் கவலையில்லை. குஞ்சாக நோயாளி நாயைக் கடித்து வாங்கி, நிம்ஃபாக அடுத்த நாய்க்குக் கொடுத்துவிடலாம். சுவர் விரிசலிலும் நாய்க்கூண்டின் மூலையிலும் குடும்பம் நடத்தக்கூடிய உண்ணி இது. அதாவது, இந்த நோயின் கிடங்கு வளர்ப்பு நாயும் தெருநாயும்தான். நரிக்குட்டியின் ரத்தத்தில் அதன் தடயம் இருந்தால், அந்த நரிக்குடும்பம் நாய்கள் படுத்தெழும் இடத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறது என்பதே நியாயமான முதல் ஊகம். காட்டிலிருந்து ஊருக்கு வந்த நோயாக இதைப் பார்ப்பது தலைகீழ்ப் பார்வை.

வளை விஷயமும் இங்கே சேரும். நரியும் பேட்ஜரும் வளையில் தங்குபவை. அந்த ஈரமும் இருட்டும் உண்ணிக்குச் சொர்க்கம். ஐரோப்பாவில் முள்ளெலி உண்ணி என்று ஒன்று, நரி உண்ணி என்று இன்னொன்று. இரண்டும் புல்நுனியில் காத்திருப்பதில்லை, வளைக்குள்ளேயே மூன்று பருவத்தையும் முடித்துக்கொள்கின்றன. நடைபாதையில் போகும் மனிதனை இவை பெரிதாகச் சீண்டுவதில்லை. ஆனால் ஒரு கிருமி ஊனுண்ணிகளுக்குள்ளேயே சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்க இதைவிட வசதி வேண்டுமா? ஆஸ்திரியச் செந்நரிகளில் நியோஎர்லிக்கியா வகையைச் சேர்ந்த ஒரு புதுக் கிருமி கிடைத்தபோதும், அமெரிக்க ரக்கூன்களில் அதன் உறவு ஒன்று கிடைத்தபோதும் என் மனம் முதலில் போனது வளைக்குத்தான்.

துலரேமியாவில் கதை இன்னொரு மாதிரி. 1911ல் கலிஃபோர்னியாவின் துலாரே பகுதியில் தரை அணில்களில் கண்டறியப்பட்டது, பெயரும் அங்கிருந்தே. உண்ணி பரப்பும், ஆனால் நரிக்கும் கொயோட்டிக்கும் அது பெரும்பாலும் வாய் வழியாக வருகிறது. நோய்ப்பட்ட முயலைப் பிடிப்பது சுலபம், தின்பதும் சுலபம். பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன, எதிர்ப்பொருள் ரத்தத்தில் தங்கிவிடுகிறது. அதனால் ஒரு வட்டாரத்து முயல்களில் நோய் ஓடுகிறதா என்று அறிய முயல்களைத் தேடி அலைவதைவிட, நூற்றுக்கணக்கான முயல்களையும் எலிகளையும் தின்ற நான்கு கொயோட்டிகளின் ரத்தத்தைப் பார்ப்பது லாபம்.

சரி, எப்போது ஆபத்து? தனியாக வந்தால் தாங்கும் கிருமி, கூட்டாளியோடு வந்தால் தாங்காது. 1994ல் தான்சானியாவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறந்தது. நாய்களிடமிருந்து வந்த டிஸ்டெம்பர் வைரஸ் என்று முடிவானது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அதே வைரஸ் அங்கே வந்து, சாவே இல்லாமல் போயிருக்கிறது. பிறகு பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது இது. கடும் வறட்சியில் காட்டெருமைகள் மெலிந்து, உண்ணி அப்பிச் செத்தன. சிங்கங்கள் அவற்றைத் தின்றன, உண்ணியும் மாறி ஏறியது. உண்ணியோடு வந்த பபீசியா ஏராளமாகப் பெருகியிருந்தபோது வைரஸ் வந்து எதிர்ப்புச் சக்தியைத் தட்டிப்போட்டது. 2001ல் பக்கத்திலுள்ள ங்கொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்திலும் இதே கூட்டு, இதே விளைவு. பபீசியா பாக்டீரியா இல்லை, தெரியும். ஆனால் மேலே பார்த்த எர்லிக்கியாவும் அனப்ளாஸ்மாவும் வெள்ளையணுக்களையே பிடிப்பவை. அவற்றைப் பற்றி யோசிக்க இதைவிடத் தெளிவான பாடம் காட்டு ஊனுண்ணிகளிடமிருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

நரிக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 20 காட்டுத் துண்டுகளில் கேமரா வைத்து எடுத்த ஆய்வு 2017ல் வந்தது. நரியும், கல்மார்டன் என்ற மரநாய் போன்ற சிறு ஊனுண்ணியும் அதிகம் நடமாடிய இடங்களில் எலிகளின் மேல் உண்ணிக்குஞ்சுகள் குறைவு, தொற்றுள்ள நிம்ஃபுகளும் குறைவு. எலிகளின் எண்ணிக்கை குறைந்தது காரணமாகத் தெரியவில்லை. வேட்டைக்காரன் சுற்றும் இடத்தில் எலி அதிகம் வெளியே அலையாமல் ஒதுங்கியிருக்கிறது, உண்ணி ஏற வாய்ப்பில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். நோய் பரப்புகிறது என்று நரியைக் கொன்று குவிப்பது எவ்வளவு அசட்டுத்தனமாக முடியலாம் என்று பாருங்கள்.

இனி உங்கள் குட்டி. அந்த அட்டை எர்லிக்கியாவைப் பார்க்கவில்லை. எர்லிக்கியாவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பார்க்கிறது. அது பழைய தொற்றாக இருக்கலாம், உறவுக்காரக் கிருமி ஒன்றின் சாயலாக இருக்கலாம். குட்டி என்பதால் இன்னொன்றும் உண்டு, தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருளாகவே இருக்கலாம். சில அட்டைகள் நாயின் எதிர்ப்பொருளை மட்டும் பிடிக்கும்படி செய்யப்பட்டவை, நரியில் அவை பொய்யாக 'இல்லை' என்று சொல்லவும் கூடும். எனவே முழு ரத்தத்தில் பிசிஆர் செய்யச் சொல்லுங்கள், தட்டணு எண்ணிக்கையும் ரத்தச் சிவப்பணு அளவும் பாருங்கள். செத்த விலங்கென்றால் மண்ணீரல் துண்டு ரத்தத்தைவிட நல்லது. அதன் மேலிருந்த உண்ணியைச் சோதித்துக் கிருமி கிடைத்தால், அது உண்ணி முந்தைய பந்தியில் வாங்கியதாகவும் இருக்கலாம். குட்டிக்கு நோய் என்பதற்கு அது சான்றாகாது.

குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் முதல் சந்தேகம் எர்லிக்கியா மேல் வேண்டாம். அத்தனை உண்ணி குடித்த ரத்தமே சின்ன உடம்புக்குப் பெரிய இழப்பு. நாக்கும் பல்லும் எட்டாத இடங்களில்தான் அவை மிஞ்சியிருக்கும்: காதின் உள்மடிப்பு, கண்ணிமை ஓரம், தாடைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு. நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். நெருப்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கையுறை போடுங்கள், விரலால் நசுக்காதீர்கள். எடுத்தவற்றை எழுபது சதவீத ஆல்கஹாலில் போட்டு, தேதியும் இடமும் எழுதி வையுங்கள். நாய்க்கு ஊற்றும் உண்ணி மருந்தைக் கேட்காமல் ஊற்றிவிடாதீர்கள். பெர்மெத்ரின் உள்ள மருந்து, அதே மையத்தில் காட்டுப்பூனையோ சிறுத்தைக்குட்டியோ இருந்தால் அவற்றுக்கு விஷம்.

காய்ச்சலும் தட்டணுக் குறைவும் இருந்து, பிசிஆரும் ஆமென்றால் அப்போது டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். நாய்க்கு நான்கு வாரம் கொடுப்பார்கள். நரிக்கென்று தனி அளவு அச்சிட்ட புத்தகத்தைத் தேட வேண்டாம், நாயின் அளவிலிருந்து மருத்துவர் கணக்கிடுவார். அறிகுறி எதுவும் இல்லாத, நன்றாகத் தின்று துள்ளுகிற குட்டிக்கு நான் கொடுக்க மாட்டேன். காட்டில் விட்ட மறுவாரமே இன்னோர் உண்ணி ஏறும், நான்கு வாரம் கையாண்ட குட்டியோ மனித வாசனைக்குப் பழகிப்போயிருக்கும்.

பக்கத்துக் கூண்டுக்குப் பரவுமா என்றால், தும்மலிலோ எச்சிலிலோ பரவாது; உண்ணி நடந்து போனால் பரவும். எனவே பாத்திரம் கழுவுவதைவிடக் கூண்டின் விரிசல்களை அடைப்பது முக்கியம். மனிதர்களுக்கும் அதே பதில். குட்டி நக்குவதால் எர்லிக்கியா தொற்றாது, வீட்டுக்குப் போகுமுன் சட்டைக்கழுத்தையும் இடுப்பு வாரையும் முழங்கால் மடிப்பையும் தடவிப் பாருங்கள். லைம் கிருமி உண்ணியின் குடலிலிருந்து எச்சில் சுரப்பிக்கு வந்துசேரப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஆனால் ரிக்கெட்சியா அவ்வளவு நேரம் காத்திருக்காது. குட்டி பிழைக்காமல் போனால் உடம்பு ஆறுவதற்குள் இறுகக் கட்டிய பையில் போட்டுவிடுங்கள். ஆறத் தொடங்கியதும் உண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று நடக்க ஆரம்பிக்கும். வெள்ளைத் தாளில் கிடத்திய ஒரு செந்நரியிடமிருந்து அவை மேஜை ஓரத்தை நோக்கி ஊர்ந்ததை ஒருமுறை பார்த்தபின், நான் பையில் முடிச்சு ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறேன்.